கறுப்புப் பொட்டும் ரெண்டு டயோடும்: டி.வி. கேம் கைக்கு வந்த வரலாறு

2012 மார்ச் 18ஆம் தேதி சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. மறுநாள், மார்ச் 19 அன்று, கூடங்குளம் அணு உலையைத் திறக்கலாம் என்று தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவிலிருந்த ஒரு ராத்திரியைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் எழுத வந்தது அதே நாட்களில் எங்கள் ஊரில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்கில், ஒரு டி.வி. மெக்கானிக் கடையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்யப்பட்ட ஒரு சாமானைப் பற்றி.

மின்வெட்டு என்ற சொல்லுக்கு அன்றிருந்த கனம் இன்றில்லை. 2008 வாக்கில் தொடங்கி ஐந்தாறு வருஷம் தமிழ்நாடு இருட்டில் கிடந்தது. சென்னைக்கு ஒரு கணக்கு, மற்ற ஊர்களுக்கு வேறு கணக்கு. அங்கே இரண்டு மணி நேரம் என்றால் இங்கே எட்டு, பத்து என்று போகும். இது விசைத்தறி ஊர். தறி ஓடினால்தான் தெருவில் சத்தம், சத்தம் இருந்தால்தான் சனிக்கிழமை கூலி. மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றவைக்கும் கரண்ட்தான் விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. மந்திரிமார் பட்டாளமே ஊரில் முகாமிட்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் மெக்கானிக் அண்ணன், ஒரு பழைய டி.வி. கேமைப் பிரித்துப் போட்டு, மடியில் வைத்து விளையாடும்படி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்.

டி.வி. கேம் என்று நாங்கள் சொன்னதை வெளியுலகம் வேறு பெயரில் அறியும். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டியின் நகல் அது. இந்தியாவில் சாமுராய், லிட்டில் மாஸ்டர், விஸ் கிட், டெர்மினேட்டர் என்று பல பெயர்களில் உலவியது. அசலை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்போம்? நமக்கு நகல்தான் அசல். அதன் மஞ்சள் கேசட்டில் காண்ட்ராவும் மாரியோவும் ஒன்றாக இருக்கும். அட்டையில் 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே எண்ணிப் பார்த்தால் பத்தோ பதினைந்தோதான். மீதியெல்லாம் அதே விளையாட்டு, வேறு கட்டத்தில் தொடங்கும். சுவடிப் பதிப்பில் இடைச்செருகல் என்கிறோமே, அந்த மாதிரி.

இனி சாமான். அந்தப் பெட்டிக்குள் இருந்தது உள்ளங்கை அகல போர்டு ஒன்று. வெளியே ஒன்பது வோல்ட் அடாப்டர். உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் அதை ஐந்து வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும். அண்ணன் 7805ஐக் கழற்றி எறிந்தார். எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் ஆறு வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொண்டார். ஆறு வோல்ட்டை 7805க்குக் கொடுத்தால் அது ஐந்தைத் தராது, அதற்கே ரெண்டு வோல்ட் தின்னக் கொடுக்க வேண்டும். நேராகக் கொடுத்தாலோ, முழுதாக ஏறிய பேட்டரி ஆறரை வரைக்கும் போகும், போர்டு தாங்காது. அதனால் ரெண்டு 5408 டயோடை வரிசையாக வைத்தார். ஒரு டயோடு முக்கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்னும். ரெண்டுமாகச் சேர்ந்து ஒன்றே கால், ஒன்றரை. மீதி ஐந்துக்கு அக்கம்பக்கம். "கணக்கு சரியாப் போச்சு பாத்தியா. எஞ்சினியருக்குப் படிச்சவன் இதுக்கு நாலு ரூவா ஐ.சி.யைத் தேடி மெட்ராஸ் போவான்" என்றார். திரைக்கு, காரில் பின்பக்கம் பார்க்க வைக்கும் சின்ன எல்.சி.டி. மானிட்டர். அதன் மேல் 12 வோல்ட் என்று போட்டிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அதுவும் ஐந்து வோல்ட்டில்தான் ஓடுகிறது. பன்னிரண்டை ஐந்தாக்க ஒரு சின்ன சர்க்யூட். அதையும் தாண்டி நேராக ஒயரைக் கொண்டுபோய்விட்டார். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் அடைத்தது போக, பேட்டரி மட்டும் வெளியே தொங்கியது. ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் கனம். கையடக்கம் என்று கூசாமல் சொல்ல முடியாது. ஆனால் கரண்ட் போன மூன்று மணி நேரமும் மாரியோ குதித்துக்கொண்டிருந்தான்.

அப்போது நான் எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். தியரி படித்துக்கொண்டிருந்த வயசு. பார்த்ததை எல்லாம் பிரதியாக்கிவிடும் வெறி. அதிகாரம் இருட்டைத் தந்தது, விளிம்பு அதற்குள் ஒரு விளையாட்டைப் படைத்துக்கொண்டது என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டும் வந்தேன். கைதட்டினார்கள். அந்த வாசிப்பு பாதிதான் சரி என்று பின்னால் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

முதலில் அசல், நகல் என்ற பேச்சை முடித்துவிட வேண்டும். ஏனென்றால் நம் அறிவுத்துறை நண்பர்கள் பலர் தொழில்நுட்பம் என்றதும், அங்கே கண்டுபிடிக்கிறார்கள், இங்கே காப்பியடிக்கிறோம் என்ற பழைய பாட்டை எடுத்துவிடுகிறார்கள். இடதுசாரி நண்பர்களும் இதற்கு விலக்கல்ல.

ஃபாமிகாமின் மூளை ரிக்கோ கம்பெனி செய்த 2ஏ03 என்ற சில்லு. அது எங்கிருந்து வந்தது? 1975இல் அமெரிக்காவில் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி வெளியிட்ட 6502 என்ற சில்லிலிருந்து. அந்த 6502ஐச் செய்த சக் பெடிலும் அவர் கூட்டாளிகளும் மோட்டரோலாவிலிருந்து வெளியேறியவர்கள். மற்றவர்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றதை இவர்கள் 25 டாலருக்கு விற்றார்கள். மோட்டரோலா வழக்குப் போட்டது. 6502இன் இரட்டைப் பிள்ளையான 6501ஐச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டிவந்தது. அசலின் பிறப்பிலேயே ஒரு பஞ்சாயத்து இருக்கிறது.

6502க்குப் பதின்ம எண்களை அப்படியே கூட்டிக் கழிக்கும் ஒரு வழி தெரியும். அதற்கு எம்.ஓ.எஸ். காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. ரிக்கோ சில்லில் அந்த வழி வேலை செய்யாது. பிற்காலத்தில் சில்லின் மேலோட்டை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். பதின்மக் கணக்குப் போடும் சுற்று கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அதை இயங்கவைக்கும் சில இணைப்புகள் மட்டும் அறுக்கப்பட்டிருக்கின்றன. காப்புரிமைக்குத் தப்பிக்கத்தான் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதாவது ஜப்பானின் அசலே, இன்னொன்றைப் பெயர்த்தெழுதி ஒரு வரியை அடித்துவிட்ட பிரதி. இதற்கு முன்பே, 1977இல், அட்டாரி 2600 என்ற வீட்டுப் பெட்டி வந்தபோது, அதே 6502இன் நாற்பது கால்களை இருபத்தெட்டாகக் குறைத்து 6507 என்று பெயரிட்டுப் போட்டார்கள். செலவைக் குறைக்கக் காலை வெட்டினார்கள்.

பிறகு தைவான். யு.எம்.சி. என்ற கம்பெனி ஃபாமிகாமின் இரண்டு முக்கியச் சில்லுகளுக்கும் நகல் செய்தது. 6527, 6538 போன்ற எண்கள் பழைய டி.வி. கேம்களைத் திறந்தவர்களுக்குப் பழக்கமானவை. இந்த நகல் வெறும் நகலும் அல்ல. ஜப்பான் டி.வி.க்கு ஒரு கணக்கு, நம்முடைய பால் முறை டி.வி.க்கு வேறு கணக்கு. அங்கே விநாடிக்கு அறுபது படம், இங்கே ஐம்பது. ஜப்பானுக்கென்று எழுதிய விளையாட்டு நம் டி.வி.யிலும் கெடாமல் ஓடும்படி தைவான்காரர்கள் காலக்கணக்கைத் திருத்தி அமைத்தார்கள். தமிழ் படித்தவனாகிய நான் இதைப் பாடபேதம் என்பேன். மூலபாடம் எது என்று தேடிப் போகிறவனுக்குச் சுவடிகள்தான் கிடைக்கும், மூலம் கிடைக்காது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சொலவடை இருக்கிறது. அவன் எழுதாமல் போயிருந்தால் ஏடே இருந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடபேதம்தான் உலகத்தின் பெரும்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. 1992 கடைசியில் ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் வந்தது. போலந்தில் பெகாசஸ். இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில் நிண்டெண்டோ ஒரு பூட்டுச் சில்லு வைத்தது; அதன் அனுமதி இல்லாத கேசட் ஓடாது. ஜப்பானிய ஃபாமிகாமில் அந்தப் பூட்டு கிடையாது. நகலெடுத்தவர்கள் பூட்டில்லாத ஜப்பானியப் பெட்டியைத்தான், அதன் அறுபது கால் கேசட்டைத்தான், பின்பற்றினார்கள். சங்கரன்கோவில் பையன் அமெரிக்கப் பையனைவிடச் சுதந்திரமான பெட்டியில் விளையாடினான் என்பது மிகையல்ல.

2000க்குப் பக்கத்தில் இன்னொன்று நடந்தது. மூளை, படம் வரையும் சில்லு, நினைவகம் எல்லாம் ஒரே சில்லாகச் சுருங்கின. அதற்கு ஓடும் இல்லை, எண்ணும் இல்லை, காலும் இல்லை. போர்டின் மேல் நேராக ஒட்டி, கறுப்புப் பசையைச் சொட்டுவிட்டு மூடிவிடுவார்கள். மெக்கானிக்குகள் அதைப் பொட்டு என்றார்கள். எத்தனை ஆழமான பெயர் என்று நான் வியாக்கியானம் செய்யப்போவதில்லை. பொட்டு வந்ததும் பெட்டியின் பெரும்பகுதி வெறும் காற்றாகிவிட்டது. அந்தக் காற்றுதான் எங்கள் அண்ணனுக்கு இடம் கொடுத்தது.

*

வீட்டுப் பெட்டியைக் கைப்பெட்டி ஆக்கும் ஆசை கம்பெனிகளுக்கும் இருந்தது. 1990இல் என்.இ.சி. தன் வீட்டுப் பெட்டியின் அட்டைகளையே போட்டு ஆடும் டர்போ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தது. 1995இல் சேகா, மெகா டிரைவ் கேசட்டுகளைப் போட்டே ஆடும்படி நோமாட் என்ற கைப்பெட்டியை அமெரிக்காவில் விட்டது. இரண்டுக்கும் ஆறு ஆறு பென்சில் பேட்டரி. இரண்டும் சில மணி நேரத்தில் அவற்றைக் குடித்துத் தீர்த்தன. ஜெயித்தது 1989இல் வந்த கேம் பாய். அதில் வண்ணம் கிடையாது, பின்னொளி கிடையாது, பச்சை பாவிய திரை. ஆனால் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதைச் செய்த குன்பே யோகோய், புதுச் சரக்கைத் தேடி ஓடாமல், பழகி விலை இறங்கி வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கைக்காரர். ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரை நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980இன் கேம் அண்ட் வாட்ச் தோன்றியது என்பார்கள். வாடிப்போனதைப் பக்கவாட்டில் யோசிப்பதற்கு எங்கள் ஊரில் கொள்கை என்று பெயரில்லை. ரிப்பேர் என்று பெயர்.

கம்பெனிக்கு வெளியே இதைத் தனி ஆளாகச் செய்து பெயர் வாங்கியவர் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த பென் ஹெக்கண்டார்ன். 2000இல் அட்டாரி 2600ஐக் கைப்பெட்டி ஆக்கினார். பிறகு வரிசையாகப் பலவற்றைச் செய்தார், செய்முறையைப் புத்தகமாகவும் எழுதினார். அவருக்குப் பின்னால் ஒரு தலைமுறையே உருவாயிற்று. 2006இல் வந்த நிண்டெண்டோ வீயின் போர்டை ரம்பத்தால் அறுத்து, சீட்டுக்கட்டு அளவுக்குக் கொண்டுவந்து, கைக்குள் வைக்கிறார்கள். பல அடுக்குப் போர்டு அது. அறுத்த விளிம்பில் உள்ளடுக்குச் செம்புத் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் தீர்ந்தது. அதனால் உப்புத்தாள் போட்டு மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். எங்கே அறுத்தால் உயிர் போகாது என்பதை ஒருவர் பல போர்டுகளைச் சாகடித்துக் கண்டுபிடிக்கிறார், மற்றவர்கள் அந்தக் கோட்டில் அறுக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். நல்ல வாசகன் பிரதியை வாசிப்பதும் இப்படித்தான். எதை நீக்கினாலும் அது அதுவாகவே இருக்கும் என்பதைத் தேடுகிறான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அது பொழுதுபோக்கு, அதனால் அதற்கு ஆசிரியன் உண்டு, கையெழுத்து உண்டு, புத்தகம் உண்டு. இங்கே அது பிழைப்பு, அதனால் பெயர் இல்லை. ரவி சுந்தரம் தன் 'பைரேட் மாடர்னிட்டி' நூலில் டெல்லியின் பாலிகா பஜாரையும் நேரு பிளேஸையும் வைத்து, சட்டத்துக்கு வெளியே நகலும் பழுதுபார்ப்புமாக இயங்கும் ஒரு நவீனத்துவத்தைப் பேசினார். அவசியமான நூல். ஆனால் பெருநகரத்தின் சந்தையில் கூட்டம் இருக்கிறது, கூட்டத்தில் முகமற்றுப் போகும் வசதி இருக்கிறது. சிறு நகரத்தில் அந்த வசதி கிடையாது. இங்கே ஸ்குரூ டிரைவரைப் பிடித்திருப்பது யார் கை என்பது எல்லோருக்கும் தெரியும்.

*

அண்ணனிடம் என் கூட்டத்துப் பேச்சைப் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்தார். "கரண்ட்டுக்காகவா செஞ்சேன்? கரண்ட்டுக்குச் செஞ்சது ரெண்டாவது. மொதல்ல ஒண்ணு செஞ்சேன்லா, அது வேற கதை."

அந்த முதலாவது 2003 வாக்கில் செய்தது. அப்போது மலிவான எல்.சி.டி. கிடையாது. யாரோ போட்டுவிட்டுப் போன ஐந்தரை அங்குலக் கறுப்பு வெள்ளைப் போர்ட்டபிள் டி.வி., 12 வோல்ட்டில் ஓடுவது. அதன் அடிப்பலகையில் டி.வி. கேம் போர்டைத் திருகி, ஏரியல் ஒயரை உள்ளேயே இணைத்துவிட்டார். யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று. டி.வி.க்கு நேராகவும் கேமுக்கு 7805 வழியாகவும் கரண்ட். ரெண்டு ரிமோட்டும் அப்படியே. ஒரு கித்தான் பையில் வைத்து ரெண்டு பையன்கள் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். காண்ட்ராவில் எதிரி சுடும் குண்டு கறுப்பு வெள்ளையில் கண்ணுக்குச் சிக்காது. "அதனால என்ன, பழகிக்கிடுவான்" என்றார்.

யார் பழகிக்கொள்வான்? அவர் மகன். அப்போது பத்து வயது.

இங்கே நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் டி.வி. கேம் இருந்த வீடு ஒன்று உண்டு. சனி, ஞாயிறு அங்கேதான் கிடப்போம். உள்ளே பாயில் உட்கார்ந்து ரிமோட்டுக்கு முறை வைத்துக் காத்திருப்போம். ஜன்னலுக்கு வெளியே வேறு சில பையன்கள் நின்று பார்ப்பார்கள். மேல மேல கீழ கீழ இடது வலது என்று காண்ட்ராவுக்கு முப்பது உயிர் வாங்கும் மந்திரம் எங்களைவிட அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லித் தருவார்கள். ரிமோட்டைத் தொட்டதில்லை. நான் உள்ளே உட்கார்ந்தவர்களில் ஒருவன். அவர்கள் ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

டி.வி. மெக்கானிக்குக்கு வீட்டுக்குள் வர அனுமதி உண்டு. அவரே சொல்வார்: "டி.வி. ஓடலைன்னா அடுப்படி வரைக்கும் போலாம். ஓட ஆரம்பிச்சிட்டுன்னா வாசல்தான். தண்ணி கேட்டா அதுக்கு ஒரு டம்ளர் தனியாக் கெடக்கும்." ஈயப் புகையும் பியூஸும் தீட்டைக் கொஞ்ச நேரத்துக்குத் தள்ளிவைக்கும் போலிருக்கிறது. அவர் வீட்டில் அவரே தேற்றிய கலர் டி.வி. இருந்தது, டி.வி. கேமும் இருந்தது. பிரச்சினை அதில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் பையன்கள் இவர் வீட்டுக்கு வரமாட்டார்கள். இவர் மகன் அவர்கள் வீட்டுக்குப் போனால் ஜன்னல்தான். "ரெண்டு ரிமோட் இருக்கு, ரெண்டாவது ரிமோட்டுக்கு ஆள் இல்ல. பையன் ரெண்டு கையிலும் ரெண்டு ரிமோட்டப் பிடிச்சி அவனே ஆடுதான். எனக்குப் பாக்கச் சகிக்கல." அதனால்தான் பெட்டியை வீட்டிலிருந்து பெயர்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பொட்டல், வேப்ப மரம். அங்கே எந்த வீட்டின் வாசல்படியும் இல்லை. சாயந்திரம் பையை இறக்கிவைத்தால் யார் வேண்டுமானாலும் குந்தலாம், குந்தினார்கள்.

நம் தெற்கத்தி வரலாற்றில் டி.வி. பெட்டி வெறும் பெட்டி இல்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது ஆட்களை மட்டும் அடிக்கவில்லை. டி.வி., டேப் ரிக்கார்டர், மின்விசிறி, தையல் மிஷின் என்று வீட்டுச் சாமான்களைத் தேடித்தேடி உடைத்தார்கள். வளைகுடாவில் உழைத்த காசு தலித் வீடுகளில் பொருளாக உட்கார்ந்திருந்தது பொறுக்கவில்லை. 2006இல் தொடங்கி தி.மு.க. அரசு கொடுத்த பதினாலு அங்குலக் கலர் டி.வி.யை இலவசம், ஓட்டுப் பொறுக்கி என்று கேலி செய்த நம் சிறுபத்திரிகை நண்பர்கள், அதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவே இல்லை. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போன அந்தப் பெட்டி எத்தனையோ ஜன்னல்களைக் காலி செய்தது. டி.வி. கேமும் எங்கள் பக்கம் மறுபடி விற்றது. அதன் சிவப்பு, மஞ்சள் பின்னைச் செருக இப்போது அவரவர் வீட்டிலேயே ஓட்டை இருந்தது. என்றாலும் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போவது என்ற சங்கதியை அரசாங்கப் பெட்டி தொடவில்லை. எல்லோருக்கும் தனித்தனி டி.வி. என்றால் யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம் என்றும் ஆகிறது. அண்ணனின் கித்தான் பை தொட்டது அந்த இடத்தை.

கைப்பெட்டி என்றால் தனிமனிதம், தனி ரசனை, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உலகத்தை மறப்பது என்று மேற்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். ரயிலில் கால்குலேட்டரை நோண்டியவரிலிருந்து தொடங்கும் வரலாற்றுக்கு அது பொருந்தும். வேப்ப மரத்தடியில் தொடங்கும் வரலாற்றுக்குப் பொருந்தாது. இங்கே பெட்டியைக் கையில் எடுத்தது கூட்டத்தைவிட்டு விலக அல்ல, கூட்டத்துக்கு ஒரு இடம் தேட.

அந்தப் பொட்டல் விளையாட்டு ஒரு வருஷம்போல நடந்திருக்கிறது. பிறகு பேட்டரி செத்தது. வேறு சில வீடுகளிலும் விஷயம் தெரிந்து, பையன்கள் வரத்து குறைந்தது என்றும் சொன்னார். எது முதலில் என்று நான் கேட்கவில்லை. அப்போது எனக்கு வயது பதினாலு. அந்தப் பொட்டல் எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிஷ நடை. நான் அங்கே ஒருநாளும் போனதில்லை.

*

இப்போது ஆடித்தபசுக் கடைகளில் ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு சாமான் கிடைக்கிறது. சிவப்போ நீலமோ, கேம் பாய் சாயலில், மேலே சப் என்றும் உள்ளே 400 விளையாட்டு என்றும் போட்டிருக்கும். அதைத் திறந்தால் அதே பொட்டு. ஃபாமிகாம் வழிவந்த ஒற்றைச் சில்லு, மூன்று அங்குலக் கலர் திரை. எங்கள் அண்ணனும் விஸ்கான்சின்காரரும் ரம்பமும் ஈயமும் வைத்துக்கொண்டு செய்ததைச் சீனத் தொழிற்சாலைகள் மூட்டை மூட்டையாகச் செய்து தள்ளுகின்றன. ஃபாமிகாம் கால இயந்திரக் காப்புரிமைகள் முடிந்து இருபது வருஷம் ஆகிறது. விளையாட்டுகளின் உரிமை முடியவில்லை, அதைப் பற்றி அந்தத் தொழிற்சாலைகள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அதன் பேட்டரியைப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் வேறு ஞாபகம் வந்தது. பி.எல்.5சி. நோக்கியா போனில் இருந்த அதே தட்டை. 2007இல் அந்த வகையில் நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட பேட்டரிகள் சூடாகிவிடக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்து மாற்றிக்கொடுக்க முன்வந்தது. ஊர் ஊராகக் கடையில் போய் எண்ணைச் சரிபார்த்தார்கள். அப்போது நோக்கியா என்றால் நமக்கு ஸ்ரீபெரும்புதூர். 2006இல் திறந்தது. தென்மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏறினார்கள். 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கானோர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். போன் செய்த தொழிற்சாலை போய்விட்டது, அந்தக் கம்பெனி போனும் கைமாறிவிட்டது, அந்தப் பேட்டரியின் அளவு மட்டும் உலகத்துக்குப் பொதுச்சொத்தாகத் தங்கிவிட்டது. ரேடியோ, டார்ச், பாட்டுப் பெட்டி, இப்போது இந்த விளையாட்டு. வாடிப்போனதைப் பக்கவாட்டில் யோசிப்பது என்றால் இதையும் சேர்த்துத்தான்.

போன ஆடியில் என் அக்கா மகனுக்கு வாங்கிய ஒன்று ஒரு மாதத்தில் நின்றுபோயிற்று. அண்ணனிடம் கொண்டுபோனேன். கடை இப்போது பெரும்பாலும் செல்போன் கண்ணாடி மாற்றுவது. அவர் நாலு திருகைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்து, பொட்டை நகத்தால் தட்டினார். "இது போச்சுன்னா போச்சு. உள்ள போக வழி கிடையாது. அந்தக் காலத்துல ஒவ்வொரு ஐ.சி.யாக் கழட்டி மாத்துவோம். இதுல என்னத்த மாத்த?" பேட்டரி உப்பியிருந்தது. வேறொரு பி.எல்.5சி.யைப் போட்டார், திரை ஒளிர்ந்தது. பொட்டு போகவில்லை, பேட்டரிதான். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பழைய டி.வி. கேமில் வாத்து சுடும் துப்பாக்கி ஒன்று உண்டே, அது இதில் ஓடுமா என்று கேட்டேன். ஓடாது. அந்தத் துப்பாக்கி குண்டு எதையும் விடுவதில்லை. திரையிலிருந்து வரும் வெளிச்சத்தை அது பார்க்கிறது. படக்குழாய் டி.வி.யில் வெளிச்சம் நொடிப் பிசகாமல் வந்து விழும், எல்.சி.டி.யில் சற்றுத் தாமதித்து வரும். படக்குழாய் போனதோடு வாத்தும் தப்பித்துவிட்டது.

அந்தச் சிவப்புச் சாமானின் அட்டைப்பெட்டிக்குள் இன்னும் இரண்டு பொருள் இருந்தன. டி.வி.யில் செருக ஒரு ஏ.வி. ஒயர். இரண்டாவது ஆளுக்கு, ஒரு முழ ஒயரோடு, தனியாக ஒரு ரிமோட். என் அக்கா மகன் அதைப் பிரிக்கவே இல்லை, பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. அண்ணன் அதை எடுத்து உறையைக் கிழித்து, பக்கத்து ஓட்டையில் செருகினார். கடைக்கு ஒத்தாசையாக இருக்கும் பையனைக் கூப்பிட்டு, "ஏ, இங்க வா, இதப் பிடி" என்றார். மூன்று அங்குலத் திரையில் ரெண்டு பேர் தலையை முட்டிக்கொண்டுதான் ஆட வேண்டியிருந்தது. நான் செல்போனுக்கு உறை வாங்க வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.